எட்டு பைட் அநியாயம்: பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் வடிவமைப்புக் குறைகள்

1996 கோடை லீவு. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. "தெருவுல சுத்தாம ஏதாவது கத்துக்கோ" என்று அப்பா என்னை ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், நேரம் இருந்தால் டிபேஸ். மொத்தம் மூன்று மெஷின். மூன்றும் 386, மூன்றுக்கும் கறுப்பு வெள்ளை மானிட்டர். பாடம் முடிந்த பிறகு மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் கேம் விளையாடலாம். டேவ் இருந்தது, பாராட்ரூப்பர் இருந்தது, ஆனால் எல்லாரும் அடித்துக்கொண்டது 'பிரின்ஸ்' விளையாடத்தான்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. நாற்பதைத் தாண்டிய தமிழ்நாட்டு மென்பொருள்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கீபோர்டைப் பழகியதே அதில்தான். நிலவறையில் அடைபட்ட ஓர் இளைஞன், மேலே கோபுரத்தில் இளவரசி, நடுவில் கூர்முள் குழிகள், விழும் ஓடுகள், வாள் பிடித்த காவலர்கள். பன்னிரண்டு லெவல்களைக் கடந்து மந்திரி ஜாஃபரைக் கொல்ல வேண்டும். அதற்கு அறுபது நிமிடம் கெடு. எனக்குப் பத்து ரூபாய்க்குக் கிடைத்ததும் அறுபது நிமிடம்தான். இந்தப் பொருத்தம் அப்போது அழகாகத் தெரிந்தது.

ஒருநாள் ஐந்தாம் லெவலுக்கு 41 நிமிடம் மிச்சத்தோடு வந்து சேர்ந்தேன். அந்த சென்டரில் அது பெரிய விஷயம். பின்னால் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பன்னிரண்டு நிமிடம் தடவித் தடவி லெவலின் முக்கால்வாசியைத் தாண்டியபோது சென்டர் அண்ணன் வந்து, "டைம் முடிஞ்சிருச்சு தம்பி, சேவ் பண்ணிட்டு எழுந்திரு" என்றார். கண்ட்ரோல்-ஜி அழுத்தினேன். கேம் சேவ் ஆனதாகத் திரையில் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்து ரூபாயோடு வந்து திறந்தால், இளவரசன் ஐந்தாம் லெவலின் ஆரம்பத்தில் நிற்கிறான். மிச்ச நேரம் 29 நிமிடம். நான் கடந்து வந்த தூரம் போய்விட்டது, அதற்குச் செலவான நேரம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் எழுதிச் சம்பாதிக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்: தப்பு என்னுடையது இல்லை. இந்தக் கட்டுரை அந்த வழக்கைத் திரும்ப எடுத்து விசாரிக்கும் முயற்சி. குற்றம் சாட்டுமுன் இந்த விளையாட்டின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழைய நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இதை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். கல்லூரியில் படிக்கும்போதே கராத்தேகா என்ற விளையாட்டை எழுதி 1984-ல் வெளியிட்டு வெற்றி கண்டவர். 1985-ல் பிரின்ஸுக்கான வேலையைத் தொடங்கினார். தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் தொங்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்' படத்தில் இருவரும் பக்கவாட்டில் தெரியும் சில விநாடிகளை எடுத்துக்கொண்டார். இசை அவருடைய அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர். தம்பி நடிப்பு, அப்பா இசை, அண்ணன் ப்ரோகிராம் என்று நம்மூர்த் தறி வீடு மாதிரி குடும்பமே உட்கார்ந்து செய்த வேலை. நாலு வருஷம் இழுத்து 1989-ல் பிராடர்பண்ட் கம்பெனி வெளியிட்டது. ஆப்பிள் 2-வின் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்ததால் முதலில் சரியாகப் போகவில்லை. 1990-ல் வந்த டாஸ் பதிப்பும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கான பதிப்புகளும்தான் அதைத் தூக்கி நிறுத்தின. ஆரணி வரை வந்து சேர்ந்தது அந்த டாஸ் பதிப்பின் நகலின் நகலின் நகல்.

இந்த விளையாட்டில் எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் குறை, இளவரசன் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டான் என்பது. இடது அம்பை அழுத்தினால் உடனே திரும்பமாட்டான். சறுக்கி நின்று, உடம்பைத் திருப்பி, பிறகுதான் ஓடுவான். குதிக்கும் விசையை அழுத்திய பிறகும் அரை அடி ஓடித்தான் குதிப்பான். மரியோ விளையாடிப் பழகியவர்களுக்கு இது எரிச்சல். காரணம் அந்த வீடியோதான். நிஜ மனிதன் திரும்ப நேரம் பிடிக்கும். விநாடிக்குப் பன்னிரண்டு முறைதான் விளையாட்டு நகர்கிறது. ஆனால் இதை நான் குறையாக எண்ணவில்லை, ஏனென்றால் விளையாட்டின் உலகமே அந்தத் தாமதத்தை அளந்து கட்டப்பட்டிருக்கிறது. ஒரு திரைக்குப் பத்துக் கட்டம் அகலம், மூன்று கட்டம் உயரம். ஒரு லெவலுக்கு அதிகபட்சம் 24 திரை. ஓடிக் குதித்தால் எத்தனை கட்டம், நின்று குதித்தால் எத்தனை, ஷிஃப்ட் பிடித்து மெல்ல அடி வைத்தால் விளிம்பில் எங்கே நிற்பான் என்பதெல்லாம் மாறாத கணக்கு. கிராஃப் தாளில் வரைந்த கரை டிசைன் மாதிரி. கட்டத்தை எண்ணக் கற்றுக்கொண்டவனுக்கு இளவரசன் நூலுக்கு நூல் கட்டுப்படுவான்.

(ஆரணிக்காரன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் ஜக்கார்டு அட்டையையும் பஞ்ச் கார்டையும் முடிச்சுப் போடாமல் விடமாட்டான் என்று ஒரு நண்பர் கிண்டல் செய்வார். முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் தவிர்க்க முடியவில்லை, அது பின்னால் வருகிறது.)

நினைவகப் பற்றாக்குறையால் வந்த குறைகள் இன்னொரு வகை. ஒரே மாதிரிக் காவலர்கள், ஒரே மாதிரிச் சுவர்கள். இதையும் மன்னித்துவிடலாம், ஏனென்றால் இந்த விளையாட்டின் மிகச் சிறந்த யோசனை பிறந்ததே அந்த வறுமையில்தான். எதிரிக்கென்று தனிப் படங்கள் வைக்க மெமரியில் இடமே இல்லை என்ற நிலையில், மெக்னர் இளவரசனின் படத்தையே ஒரு பிட் தள்ளி அதோடு எக்ஸ்-ஆர் செய்து பார்த்தார். மினுங்கும் ஓர் உருவம் வந்தது. அதுதான் நிழல் மனிதன். நாலாம் லெவலில் கண்ணாடிக்குள் ஓடிப் பாய்ந்தால் அதிலிருந்து பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறான். ஐந்தாம் லெவலில் நாம் எட்டிப் பிடிக்கப்போன மருந்தைக் குடித்துவிட்டுப் போகிறான். ஆறாவதில் நம் முகத்துக்கு எதிரே கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைக்கிறான். பன்னிரண்டாம் லெவலில் வாளோடு எதிரே நிற்கிறான். அவனை வெட்டினால் நம் உயிர் குறைகிறது. இரண்டு வெட்டிலேயே புரிந்துவிடும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். எழுத்தில் ஒரு குறிப்பும் இல்லாமல், நம் ரத்தத்தைக் குறைத்துக் காட்டியே விடையைச் சொல்கிற புதிர் இது. இதைவிட நல்ல வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கு அடுத்த திரையிலேயே மெக்னர் தலைகீழாகிறார். நிழலோடு சேர்ந்த பிறகு எதிரே வெறும் பள்ளம். வழி கிடையாது. வெட்டவெளியில் காலை வைத்து ஓட வேண்டும், ஓடினால் காலுக்கடியில் தரை முளைக்கும். இதற்கு முன்னறிவிப்பு கிடையாது. அதுவரை பதினோரு லெவலாக 'விளிம்பில் ஜாக்கிரதை, பார்க்காமல் கால் வைத்தால் சாவு' என்று அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு, கடைசியில் சொல்லிக்கொடுத்த பாடத்தையே மீறச் சொல்கிறது. நம்பிக்கைப் பாய்ச்சல் என்று ரசிகர்கள் புகழ்கிறார்கள். எங்கள் சென்டரில் அங்கே வந்து சேர்ந்த ஒரே ஒருவன், கேம் நகல் எடுத்ததில் கெட்டுவிட்டது என்றுதான் முடிவு செய்தான்.

எட்டாம் லெவல் எலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறோம், வெளியே போக வழியில்லை. பத்துப் பன்னிரண்டு விநாடி சும்மா நின்றால் இளவரசியின் எலி வந்து பொத்தானை மிதித்துக் கதவைத் திறந்துவிடும். கடிகாரம் ஓடும் விளையாட்டில் 'சும்மா நில்' என்பது விடையாக இருப்பது விசித்திரம். ஆனால் அந்த லெவலுக்கு முன்னால் வரும் காட்சியில் இளவரசி எலியை அனுப்புவதைக் காட்டிவிடுகிறார்கள். கவனித்தவனுக்கு நியாயம் கிடைக்கிறது.

அடுத்தது மருந்துக் குடுவைகள். டாஸ் பதிப்பில் சிவப்புக் குமிழி வந்தால் உயிர் கூடும், நீலம் வந்தால் விஷம், பச்சை வந்தால் வேறு வித்தை: ஒன்றில் பஞ்சு மாதிரி மிதந்து இறங்கலாம், இன்னொன்றில் திரை தலைகீழாகிவிடும். எங்கள் மானிட்டரில் சிவப்பு, நீலம், பச்சை எல்லாமே சாம்பல். குடுவையின் மேலே நாலு புள்ளி கொதிக்கும், அவ்வளவுதான். குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அதனால் சென்டரில் ஒரு நோட்டு இருந்தது: எந்த லெவலில் எந்த இடத்துக் குடுவை விஷம் என்று ஒவ்வொருத்தரும் செத்துச் செத்து எழுதிய பட்டியல். மெக்னர் நினைத்தது நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விளையாட்டு, எங்களுக்கு வந்தது ஊர் கூடி வரைபடம் போடும் விளையாட்டு. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதே என்று இன்றைக்கு இணையதளம் வடிவமைக்கிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறார்கள். 1990-ல் யாருக்கும் அது உறைக்கவில்லை. கறுப்பு வெள்ளைத் திரைக்கும் இந்த விளையாட்டு ஓடும் என்று அவர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள், குடுவைக்கு மட்டும் வேறு அடையாளம் வைக்கவில்லை.

இனி அந்த 41 நிமிடத்துக்கு வருகிறேன்.

டாஸ் பதிப்பு சேவ் செய்யும் கோப்பு ஒன்றே ஒன்று. பெயர் பிரின்ஸ், பின்னொட்டு எஸ்.ஏ.வி. அதன் அளவு எட்டே எட்டு பைட். முதல் இரண்டு பைட்டில் மிச்சமிருக்கும் நிமிடம். அடுத்த இரண்டில் அந்த நிமிடத்தின் நொடித்துண்டுகள், நிமிடத்துக்கு 720. அடுத்த இரண்டில் லெவல் எண். கடைசி இரண்டில் லெவல் தொடங்கியபோது எத்தனை உயிர் முக்கோணம் இருந்தது என்ற கணக்கு. முடிந்தது. நீங்கள் எந்தத் திரையில் நிற்கிறீர்கள், எந்தக் காவலனைக் கொன்றீர்கள், எந்தக் கதவைத் திறந்தீர்கள் என்பது எதுவும் கோப்பில் போகாது.

உன்னிப்பாகப் பார்த்தால் வினை எங்கே என்று தெரியும். உயிர்க் கணக்கு லெவல் தொடங்கிய நேரத்துக்குரியது. லெவலும் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கும். ஆனால் நேரம் மட்டும் நீங்கள் கண்ட்ரோல்-ஜி அழுத்திய கணத்துக்குரியது. ஒரே கோப்பில் இரண்டு வேறு கணங்களின் தகவலைக் கலந்து வைத்திருக்கிறார்கள். என் குழுவில் யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதன் விளைவு வேடிக்கையானது. லெவல் தொடங்கிய கையோடு சேவ் செய்திருந்து, பிறகு நடுவில் கரண்ட் போய்விட்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. 41 நிமிடம் அப்படியே இருக்கும். கரண்ட் போகாமல், பொறுப்பாக இன்னொரு முறை சேவ் செய்துவிட்டு எழுந்தால் பன்னிரண்டு நிமிடம் நஷ்டம். அதாவது ஆரணி மின்வெட்டு என்னைக் காப்பாற்றியிருக்கும், சேவ் பட்டன் என்னைக் கவிழ்த்தது.

'அப்படியானால் லெவல் தொடங்கியதும் சேவ் செய்ய வேண்டியதுதானே' என்பீர்கள். சரி. அது தெரிந்தவன் என்ன செய்வான்? லெவல் தொடங்கியதும் சேவ், விளையாட்டு சரியாகப் போகவில்லையென்றால் வெளியே வந்து திரும்ப லோட். ஐந்தாம் லெவலை நூறு முறை ஆடி, இரண்டு நிமிடத்தில் முடித்த ஒரு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறாவதுக்குப் போகலாம். அவனுக்கு அறுபது நிமிடக் கெடு என்பதே கிடையாது. செத்தாலும் கடிகாரம் நிற்காது என்ற விதிதான் இந்த விளையாட்டின் நெஞ்சுத் துடிப்பு. லெவலில் செத்தால் லெவல் மட்டும் ஆரம்பத்துக்குப் போகும், போன நிமிடம் போனதுதான். அந்த விதியைச் சேவ் வசதி பொய்யாக்கிவிட்டது. சூட்சுமம் தெரிந்தவனுக்கு நேரம் எல்லையற்றது, தெரியாத அப்பாவிக்கு நேரம் இரட்டைச் செலவு. கடிகாரத்தை ஒருவரும் சேவை இன்னொருவரும் தனித்தனியே யோசித்தது போல இருக்கிறது. தனித்தனியே இரண்டும் சரி, சேர்த்துப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகின்றன. இந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்து உண்மையான வடிவமைப்புக் குறை இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் ருசி சம்பந்தப்பட்டவை.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. ஷிஃப்ட்-எல் அழுத்தினால் நாலாம் லெவல் வரை தாண்டிக் குதிக்கலாம். எங்கள் சென்டரில் இது பரம ரகசியமாகப் பரவியது. அழுத்தினால் மிச்ச நேரம் பதினைந்து நிமிடமாகச் சுருங்கிவிடும் என்பது அந்த ரகசியத்தோடு சேர்ந்து பரவவில்லை. ஐம்பத்தெட்டு நிமிடம் கையில் இருக்கும்போது ஷிஃப்ட்-எல் அடித்துவிட்டு, "மச்சி, நாலாவது லெவல்" என்று கத்திய பையன்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் மீதி ஒன்பது லெவலை முடிக்க அவர்களால் முடியாது, ஆனால் அது அவர்களுக்குத் தெரிய வரும்போது பதினைந்து நிமிடமும் போயிருக்கும்.

இங்கேதான் தறியைத் தவிர்க்க முடியவில்லை. அப்பா நெய்தது ஜக்கார்டு போட்ட குழித்தறி. கரைக்கான அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்திருந்தால் நாலு விரற்கடை நெய்வதற்குள் தெரிந்துவிடும். அன்னத்தின் மூக்கில் ஒரு ஜரிகைப் புள்ளி கூடுதலாக நிற்கும். தறியை நிறுத்தி, அட்டையில் அந்த ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டிவிட்டு, நெய்ததைப் பிரித்துவிட்டுத் தொடர்வார். அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதே கிடையாது. முந்தானை அட்டை அப்படியில்லை. அது சேலையின் கடைசியில்தான் பெட்டியில் ஏறும். ஒருமுறை முந்தானை அட்டைக் கோர்வையில் இரண்டு அட்டை இடம் மாறியிருந்தது. உடம்பு முழுக்க நெய்து முடித்து, முந்தானைக்கு வந்து, இரவு பல்பு வெளிச்சத்தில் நெய்ததில் அவர் கண்ணில் படவில்லை. முதலாளி வீட்டில் சேலையை விரித்தபோதுதான் தெரிந்தது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அட்டை கோர்த்துக்கொடுத்தவர் வேறு ஆள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது ஒரே வரி: "இது முதல்லயே தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

பிரின்ஸின் சேவ் அந்த முந்தானை அட்டைதான். ஏழாம் லெவலில் நாலு நிமிடம் மிச்சம் வைத்துச் சேவ் செய்தால், அந்த ஆட்டம் செத்த ஆட்டம். விளையாட்டுக்கு அது தெரியும், ஏனென்றால் நிமிடமும் லெவலும் அந்த எட்டு பைட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனாலும் எதுவும் சொல்லாமல் லோட் செய்து ஆடவிடும். மறுநாள் பத்து ரூபாய், அதற்கு மறுநாள் பத்து ரூபாய். போதாக்குறைக்குச் சேவ் கோப்பு ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு பையன் என்ற கணக்கில் எழுதியது. எங்கள் சென்டரில் ஒரு மெஷினுக்கு இருபது பையன்கள். கடைசியாகச் சேவ் செய்தவனுடைய இளவரசன்தான் மிஞ்சுவான், மற்ற பத்தொன்பது பேருடையவனும் அழிவான். அடிதடி கூட நடந்திருக்கிறது. கையேடு இருந்திருந்தால் சேவ் பற்றி நாலு வரியாவது படித்திருப்போம். திருட்டு நகலோடு கையேடு வராது, அந்தப் பழியை மெக்னர் மேல் போட முடியாதுதான்.

சேவ் செய்வதில் தடுமாறியது இவர் மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அலைந்து திரிந்து வழி தேடும் விளையாட்டுகள் எல்லாமே இதில் இடறின. 1986-ல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிற்பாடு எமுலேட்டரில்தான் ஆடினேன், நம்மூர் டிவி கேம் கார்ட்ரிட்ஜ்களில் நான் பார்த்ததேயில்லை. அமெரிக்கப் பதிப்பில் நீளமான பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் போட வேண்டும். போட்டால் கண்டெடுத்த ஆயுதங்கள் எல்லாம் திரும்ப வரும், உயிர்ச்சக்தி மட்டும் 30-ல் நிற்கும். எத்தனை டாங்க் சேர்த்திருந்தாலும் 30தான். பிறகு சின்னப் பூச்சிகளைக் கொன்று கொன்று அரை மணி நேரம் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வந்தவனைத் தண்டிக்கிற அதே குணம். ஆனாலும் அங்கே இழந்ததை உழைத்து மீட்டுக்கொள்ளலாம். பிரின்ஸில் போன நிமிடத்தை மீட்க வழியே இல்லை.

2012-ல் ஒரு சுவாரஸ்யம் நடந்தது. மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியில் பழைய ஃப்ளாப்பிகள் அடங்கிய பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். மகன் எப்போதோ தொலைத்துவிட்டதாக நினைத்த பிரின்ஸின் மூல நிரல். பழைய கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றும் ஆர்வலர்கள் உதவியோடு அதைப் படித்தெடுத்து கிட்ஹப்பில் போட்டுவிட்டார்கள். 6502 அசெம்பிளி. நான் இரண்டு வாரம் தூக்கம் கெட்டு அதைப் பார்த்தேன். அது ஆப்பிள் 2-க்கான நிரல். நாம் ஆடிய டாஸ் பதிப்பின் மூல நிரல் வெளிவரவில்லை. அதை ரசிகர்களே இயங்கு கோப்பைப் பிரித்துப் பிரித்து சி மொழியில் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பெயர் எஸ்டிஎல்பாப். பிரித்த பட்டுச் சேலையிலிருந்து டிசைன் அட்டை குத்துவது போன்ற வேலை. மேலே எட்டு பைட் கணக்கு சொன்னேனே, அது அதிலிருந்து நானே சரிபார்த்தது.

எஸ்டிஎல்பாப்பில் பழைய பிழைகளைத் திருத்த ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. மிக உயரத்திலிருந்து காவலனின் தலைமேல் விழுந்தால் அடிபடாது, அது ஒரு பிழை. கூர்முள்ளின் ஓரமாக இறங்கினால் ஒன்றும் ஆகாது, அது இன்னொன்று. சில இடங்களில் அந்தரத்தில் நிற்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்திக்கொள்ளலாம், வேண்டாமென்றால் 1990-ல் இருந்தபடியே ஆடலாம். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குப் பழைய நண்பர்களின் போட்டோவைப் பார்ப்பது போல இருந்தது. முள் ஓரத்தில் தப்பிப்பதை ஒரு கலையாகவே நாங்கள் பழகியிருந்தோம். இந்தப் பிழைகளை யாரும் வெறுக்கவில்லை, ஏனென்றால் இவை அந்த நொடியே தெரிந்துவிடும், பெரும்பாலும் ஆடுபவனுக்குச் சாதகமாக.

சேவ் விஷயத்தில் அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியம். எஃப்6 அழுத்தினால் அந்தக் கணத்தை அப்படியே முழுசாகச் சேமிக்கும், திரை, கதவு, காவலன் எல்லாம். எஃப்9 அழுத்தினால் அங்கேயே திரும்ப நிற்கலாம். ஆனால் அப்படியே விட்டால் கடிகாரத்துக்கு அர்த்தம் போய்விடுமே? அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். விருப்பப்பட்டால் அபராதம் போட்டுக்கொள்ளலாம்: ஒவ்வொரு எஃப்9-க்கும் மிச்ச நேரத்தில் அதிகபட்சம் ஒரு நிமிடம் கழியும். இடம் திரும்பக் கிடைக்கும், அதற்கு விலை என்னவென்று முன்கூட்டியே தெரியும், விலையும் தாங்கக்கூடியது. கடிகாரமும் சேவும் அதில்தான் முதல்முறையாக ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றன. 1989-ல் இதைச் செய்திருக்க முடியாது என்று வாதிடலாம், முழு நிலையையும் சேமிக்க அன்றைக்கு இடம் கிடையாது என்று. சரி. நேரத்தை லெவல் தொடக்கத்து நேரமாகவே எழுதியிருக்கலாமே? அதே எட்டு பைட்தான் ஆகியிருக்கும்.

மெக்னரே இதைப் பற்றி யோசித்தாரோ என்னவோ, 2003-ல் யூபிசாஃப்டுக்காக அவர் எழுதிய 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாட்டின் மையமே நேரத்தைப் பின்னோக்கி ஓட்டுவதுதான். பள்ளத்தில் விழுந்தால் கத்தியின் பொத்தானை அழுத்தி சில விநாடி பின்னால் போகலாம், கையில் மணல் இருக்கும் வரை. 2024-ல் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்' அசல் மெட்ராய்டு வகை. அதில் வழி புரியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எங்கள் சென்டர் நோட்டு ஞாபகம் வந்தது.

என் 29 நிமிடத்தின் கதையை முடித்துவிடுகிறேன். அந்த லீவில் நான் பிரின்ஸை முடிக்கவில்லை. பி.இ. சேர்ந்த பிறகு, ஹாஸ்டலில் ஒரு சீனியர் அந்தச் சேவ் கோப்பை டாஸின் டீபக் கட்டளையில் திறந்து காட்டினார். இருட்டுத் திரையில் எட்டு ஜோடி எழுத்து. "இதுல முதல் பைட்ட மாத்து" என்றார். ஹெக்ஸில் 3சி என்று போட்டேன், அதாவது அறுபது. சேவ் செய்து, விளையாட்டைத் திறந்தால், ஐந்தாம் லெவல், அறுபது நிமிடம். வாழ்க்கையில் நான் திருத்திய முதல் பைனரி கோப்பு அது. அன்றிரவு ஜாஃபரைக் கொன்றேன். பன்னிரண்டாம் லெவல் பள்ளத்தில் மட்டும் சீனியர்தான், "ஓடுடா, விழமாட்ட" என்று சொல்ல வேண்டியிருந்தது.

போன பொங்கலுக்கு ஆரணி வீட்டில் என் மகளுக்கு எஸ்டிஎல்பாப் போட்டுக் கொடுத்தேன். அப்பா இப்போது நெய்வதில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எஃப்9 அபராதத்தை நான் ஆன் செய்து வைத்திருந்தேன். மறுநாள் காலை பார்த்தால் ஆஃப் ஆகியிருந்தது. "தாத்தாதான் எடுத்துடச் சொன்னாரு" என்றாள்.